செடேஷன் பம்ப்பையும் நாரட் பம்ப்பையும் பிரிக்காதீர்கள்: மருந்துத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துத் தேர்வுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நம் குழும மருத்துவமனைகளின் ஐசியூக்கள் அனைத்துக்கும் நீங்கள் அனுப்பியிருக்கும் புதிய ஆணைத்தாளை, செப்டிக் ஷாக்கில் (செப்ஸிஸ் என்னும் கடும் கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலை) வரும் நோயாளிகளுக்கு எங்களால் அப்படியே பின்பற்ற முடியாது. இதை உள்ளுக்குள்ளேயே இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். எல்லாக் கிளைகளிலும் ஒரே தாள் இருந்தால்தான் தணிக்கை எளிது என்று ஒரு வரியில் பதில் வந்தது. தணிக்கைக்கு எளிதாக இருப்பதெல்லாம் நோயாளிக்குப் பாதுகாப்பாக இருந்துவிடாது. இதே மாதிரித் தாள்கள் வேறு இடங்களிலும் புழக்கத்தில் இருப்பதால் பொதுவில் எழுதுகிறோம்.

தாளின் முதல் பக்கம் செடேஷன், அதாவது நோயாளியை மயக்கத்தில் வைத்திருப்பது. மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டிய எவருக்கும் ப்ரோபோஃபால் கிலோவுக்கு 2 மி.கி. பிறகு மிடஸோலம் 5 மி.கி. போலஸ் (ஒரே தள்ளாக), தொடர்ந்து மணிக்கு 5 மி.கி. அதிலும் அடங்காவிட்டால் டெக்ஸ்மெடிடோமிடின், கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் லோடிங்குடன் (தொடக்கத்தில் மட்டும் கொடுக்கும் பெரிய டோஸ்). இரண்டாம் பக்கம் ரத்த அழுத்தம். கிலோவுக்கு 30 மி.லி. திரவம் முழுதும் ஏறி முடிந்து, சென்ட்ரல் லைனும் (பெரிய சிரைக்குள் போடும் குழாய்) போட்ட பிறகுதான் நாரட்ரினலின் (சுருக்கமாக நாரட்; ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் மருந்து); அதுவரை டோபமின். கூடவே ஒரு குறிப்பு: மயக்க மருந்தான கெட்டமினும் வலி மருந்தான ஃபென்டனிலும் இனி ஐசியூ அலமாரியில் இருக்காது, மையக் கிடங்கிலிருந்து கேட்டு வாங்க வேண்டும்.

ஒவ்வொரு வரியிலும் எங்களுக்கு மறுப்பு உண்டு. ஆனால் அடிப்படைப் பிழை, தாள் இரண்டு பக்கமாக இருப்பதுதான். செப்டிக் ஷாக்கில் செடேஷனும் வாஸோபிரஸரும் (நாரட் போல அழுத்தம் ஏற்றும் மருந்து) இரண்டு முடிவுகள் அல்ல, ஒன்றே. மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை, ரத்தக் குழாய்களை இறுக்கி வைக்கும் சிம்பதெடிக் நரம்புகளின் உந்துதலைக் குறைக்கின்றன. சிரைகள் தளர்கின்றன, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. செப்ஸிஸில் ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்து கிடக்கின்றன. மிச்சமிருக்கும் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதே அந்த உந்துதல்தான். ஒரு பம்ப்பில் அதை அணைத்துவிட்டு அடுத்த பம்ப்பில் நாரட்டை ஏற்றுவது, மடையை உடைத்துவிட்டு ஏற்றம் இறைப்பதைப் போன்றது.

நடைமுறையில் என்ன ஆகிறது? மணி இரண்டுக்கு நோயாளி அசைகிறார், மிடஸோலம் ஏறுகிறது. இரண்டரைக்கு ‘மேப்’ (சராசரி ரத்த அழுத்தம்) 58, நாரட் ஏறுகிறது. நாரட் ஏறியதால் ஷாக் மோசமாகிறது என்று முடிவு செய்து இன்னொரு 500 மி.லி. திரவம். காலையில் நுரையீரலில் நீர் சேர்ந்து எக்ஸ்ரே வெள்ளையாகிறது, பீப் (மூச்சு விட்ட பிறகும் வென்டிலேட்டர் நுரையீரலில் தக்கவைக்கும் அழுத்தம்) கூடுகிறது, வென்டிலேட்டரோடு முரண்டு வருகிறது, அதற்கு இன்னும் செடேஷன். நாரட் அளவை நோயின் தீவிரமாக எல்லோரும் படிக்கிறோம். அதில் ஒரு பங்கு நாமே ஏற்றிய மயக்க மருந்தின் விலை. எவ்வளவு பங்கு என்பது இரண்டு பம்ப்புகளையும் ஒரே கண் பார்த்தால்தான் தெரியும்.

இனி டியூப் போடும் நேரத்துக்கு வருவோம். அதிகம் கெடுவது அங்கேதான். 29 நாடுகளில் 2964 நோயாளிகளைப் பார்த்து 2021-இல் வெளியான இன்ட்யூப் ஆய்வில், ஐசியூ போன்ற இடங்களில் அவசரமாக டியூப் போடப்பட்டவர்களில் 42.6 சதவீதம் பேருக்கு ரத்த ஓட்டம் நிலைகுலைந்தது, 3.1 சதவீதம் பேருக்கு இதயம் நின்றது. ப்ரோபோஃபால் பயன்பாட்டுக்கும் இந்தச் சரிவுக்கும் உள்ள தொடர்பை அதே தரவு காட்டியது. 60 கிலோ ஆளுக்கு உங்கள் தாளின்படி 120 மி.கி., அதாவது 12 மி.லி. ஆபரேஷன் தியேட்டரில் நல்ல உடம்போடு வருகிறவருக்கான அளவு இது. ஷாக்கில் ரத்த ஓட்டம் மந்தமாக இருப்பதால் கையில் ஏற்றிய மருந்து மூளைக்குப் போக நேரமாகும். கண் இன்னும் மூடவில்லையே என்று இரண்டாவது முறை தள்ளுவார்கள். இரண்டும் சேர்ந்து இறங்கும்போது, கூடவே பாசிட்டிவ் பிரஷர் காற்றும் நெஞ்சுக்குள் போய், இதயத்துக்கு வரும் ரத்தத்தை மேலும் தடுக்கும். அதுவரை வேகமாக மூச்சு வாங்கி அமிலத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தவரின் மூச்சும் அதே நிமிடத்தில் நிற்கிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று தெரிந்தே செய்கிற வேலை இது. முன்கூட்டியே அரை லிட்டர் திரவம் கொடுத்தால் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் 2022-இல் ப்ரிப்பேர் 2 ஆய்வோடு போய்விட்டது.

செய்ய வேண்டியது வேறு. மயக்க மருந்துக்கு முன்பே நாரட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் தயாராக வைத்திருப்பது போதாது. ஓட வேண்டும், ‘மேப்’ 70-ஐத் தொட்டிருக்க வேண்டும். மயக்க மருந்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்க வேண்டும்: கெட்டமின் என்றால் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி.; கையில் ப்ரோபோஃபால் மட்டும்தான் இருக்கிறது என்றால் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 மி.கி. தசை தளர்த்தியை மட்டும் குறைக்கவே கூடாது. ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி.க்குக் குறையாமல் வேண்டும். 60 கிலோவுக்கு 72 மி.கி., அதாவது 50 மி.கி. வயல் ஒன்றரை. மந்தமான ரத்த ஓட்டத்தில் அதுவும் தாமதமாகத்தான் வேலை செய்யும். ஒரு வயலோடு நிறுத்தி, முப்பதாவது நொடியில் லாரிங்கோஸ்கோப்பை நுழைத்துவிட்டு, வாய் திறக்கவில்லை என்று ப்ரோபோஃபாலைக் கூட்டுவதுதான் வழக்கமான தவறு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரோகுரோனியம் அந்த அளவில் ஒரு மணி நேரம் வரை, சிறுநீரகம் ஈரல் கெட்டவர்களுக்கு அதற்கு மேலும் நிற்கும். குறைத்துக் கொடுத்த கெட்டமின் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தேய்ந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் நோயாளி விழித்திருப்பார், விரலைக்கூட அசைக்க முடியாது. அசையாமல் இருக்கிறாரே என்று எல்லோரும் நிம்மதியாக லைன் போட்டுக்கொண்டிருப்போம். டியூப் உறுதியான பத்து நிமிடத்துக்குள் வலி மருந்தும் செடேஷனும் தொடங்கியிருக்க வேண்டும் என்று தாளில் ஒரு வரி இல்லை. இருக்க வேண்டும்.

கெட்டமினை ஏதோ கவச குண்டலம் மாதிரி நாங்கள் கேட்கவில்லை. நாள்கணக்கில் ஷாக்கில் கிடந்து கேட்டகோலமின் (நாரட்ரினலின் போல உடம்பே சுரக்கும் பொருட்கள்) கையிருப்பு தீர்ந்தவருக்கு அதுவும் அழுத்தத்தை இறக்கும். இதயத் தசையை நேரடியாகத் தளர்த்தும் குணம் அதற்கும் உண்டு. இன்னொரு மயக்க மருந்தான எடோமிடேட்டோடு ஒப்பிட்டு 2022-இல் வந்த ஆய்வு ஒன்றில் ஏழாம் நாள் உயிர்பிழைப்பு கெட்டமின் பக்கம் கூடுதலாக இருந்தது, 28-ஆம் நாளில் அந்த வேறுபாடு இல்லை. எடோமிடேட் அழுத்தத்தை அதிகம் தொடாது. ஆனால் ஒரே டோஸ் அட்ரினல் சுரப்பியில் கார்டிசால் உற்பத்தியை ஒரு நாள் அளவுக்கு முடக்கும். ஐசியூவில் அதைத் தொடர் செடேஷனாக ஓட்டிய காலத்தில் இறப்பு கூடியதை 1983-இலேயே கிளாஸ்கோ மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதோடு அந்த வழக்கம் நின்றது. எனவே எந்த மருந்து என்பதைவிட எவ்வளவு, எதற்குப் பின் என்பதே பெரிய கேள்வி. ஆனாலும் மூன்றில் ஒன்றை மட்டும், அதுவும் ஷாக்கில் மிக ஆபத்தானதை முழு அளவில் கட்டாயமாக்கிவிட்டு, மற்றதை இரண்டு மாடி தள்ளிப் பூட்டி வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

சரிவு வந்துவிட்டால் கையில் என்ன? தாள் மௌனம். இப்போது பல வார்டுகளில் மெஃபென்டெர்மின் 6 மி.கி. தான் கைமருந்து. அது உடம்பில் சேமித்திருக்கும் நாரட்ரினலினை வெளியேற்றி வேலை செய்வது. கையிருப்பு தீர்ந்தவரிடம் இரண்டாவது, மூன்றாவது டோஸ் ஒன்றும் செய்யாது. அதற்குப் பதில் அட்ரினலின்: 1 மி.கி. ஆம்பூலை 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்தால் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். அதிலிருந்து 10 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, பெயரும் செறிவும் எழுதி ஒட்டி, மிச்சப் பையை உடனே கொட்டிவிட வேண்டும். கொட்டாமல் ஸ்டாண்டில் தொங்கவிட்ட பை வெறும் சலைன் என்று நினைத்து ஓடிவிடும். ஒரு முறைக்கு அரை முதல் 2 மி.லி.; ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி.

அடுத்தது மிடஸோலம். அழுத்தத்துக்குப் பாதுகாப்பானது என்று இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஷாக்கில் 5 மி.கி.யை ஒரே தள்ளாகத் தள்ளிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தொடர் பம்ப்பில் அதன் கெடுதல் இன்னும் மெதுவானது, இன்னும் பெரியது. செப்டிக் ஷாக்கில் பலருக்குச் சிறுநீரகம் அடிபட்டிருக்கும். மிடஸோலம் ஈரலில் மாறி உருவாகும் வேதிப்பொருளுக்கும் மயக்கும் குணம் உண்டு. சிறுநீரில் வெளியேறாமல் அது தேங்கும். மூன்றாம் நாள் ஷாக் தணிந்து, நாரட் நின்று, மிடஸோலத்தையும் நிறுத்திய பிறகு நோயாளி கண் திறக்கமாட்டார். ஒரு நாள், இரண்டு நாள். அப்புறம் மூளைக்கு சிடி ஸ்கேன், நரம்பியல் மருத்துவரின் கருத்து, ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வது) பேச்சு. ‘இன்னும் முழிக்கலையே’ என்று வெளியே நிற்கும் வீட்டாருக்குப் பதில் சொல்வது நாங்கள். ஆம்பூல் விலை மலிவு என்பது உங்கள் கணக்கு. அந்த மூன்று ஐசியூ நாட்களின் பில் யார் கணக்கில் வருகிறது?

பென்ஸோடயஸிபின் (மிடஸோலம் சேர்ந்த வகை) வேண்டாம், ப்ரோபோஃபாலோ டெக்ஸ்மெடிடோமிடினோ மேல் என்பது ஐசியூ வலி, செடேஷன் பற்றிய 2018-இன் பாடிஸ் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. வலிப்பு, மதுப்பழக்கம் நின்றதால் வரும் நடுக்கம், இந்த இரண்டுக்கும் மிடஸோலம் இருக்கட்டும்.

ப்ரோபோஃபால் தொடர் பம்ப்பாக ஷாக்கில் ஓடலாமா என்றால், ஓடலாம், குறைவாக. மணிக்கு கிலோவுக்கு 0.3 முதல் 1.5 மி.கி. போதுமானது பெரும்பாலும், நாரட் குறைந்துகொண்டு வரும்போது மேலே போகலாம். 4 மி.கி.யைத் தாண்டி இரண்டு நாள் ஓடினால் ப்ரோபோஃபால் இன்ஃப்யூஷன் சின்ட்ரோம் என்ற வேறு ஆபத்து. மி.லி.க்கு 1.1 கலோரி கொழுப்பு என்பதால் உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டும், ட்ரைகிளிஸரைடு பார்க்க வேண்டும், பாட்டிலையும் ட்யூபிங்கையும் 12 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். செப்ஸிஸ் நோயாளிக்குக் கிருமி வளரத் தோதான கொழுப்புக் கரைசலை நாமே ஏற்றுகிறோம் என்பது மறக்கக் கூடாதது.

டெக்ஸ்மெடிடோமிடின் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோருக்கும் பிடித்த மருந்து அதுதான். லோடிங் டோஸ் முதலில் ரத்தக் குழாய்களை இறுக்கும், மானிட்டரில் பிரஷர் ஏறும், நாரட்டைக் குறைப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சிம்பதெடிக் உந்துதல் அணைந்து பிரஷரும் நாடித்துடிப்பும் ஒன்றாக இறங்கும். அப்போது நாரட் குறைந்த அளவில் நிற்கும். ஷாக்கில் லோடிங் கூடவே கூடாது. 200 மைக்ரோகிராமை 50 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 4 மைக்ரோகிராம். 60 கிலோவுக்கு மணிக்கு 3 மி.லி. என்பது கிலோவுக்கு 0.2 மைக்ரோகிராம். அங்கே தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை 0.1 கூட்டி, 0.7-இல் நின்று யோசிக்க வேண்டும்.

அது நாரட் தேவையைக் குறைக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. 2019-இல் ப்ரோபோஃபாலிலிருந்து இதற்கு மாற்றிப் பார்த்த ஒரு சின்ன இத்தாலிய ஆய்வில் நாரட் அளவு குறைந்தது உண்மை. இறங்கிப்போன ஏற்பிகள் மீண்டும் நாரட்டுக்குச் செவிசாய்க்கின்றன என்பது விளக்கம். ஆனால் அதே 2019-இல் ஏறத்தாழ 4000 பேரைச் சேர்த்த ஸ்பைஸ் 3 ஆய்வில் 90 நாள் இறப்பு இரு பக்கமும் 29.1 சதவீதம், நாடித்துடிப்பு குறைவதும் அழுத்தம் இறங்குவதும் டெக்ஸ் பக்கம் கூடுதல். வயது குறைந்தவர்களிடம் இறப்பு கூடியதாகத் தெரிந்ததால், 65 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஐசியூ நோயாளிகளைக் குறித்து ஐரோப்பிய மருந்து ஆணையம் 2022-இல் எச்சரிக்கை விடுத்தது. செப்ஸிஸ் நோயாளிகளிடம் மட்டும் ப்ரோபோஃபாலோடு ஒப்பிட்ட மென்ட்ஸ் 2 ஆய்வில் (2021) வேறுபாடே இல்லை. நம் ஐசியூக்களுக்கு ஸ்க்ரப் டைஃபஸ், டெங்கு, எலிக்காய்ச்சல் என்று வருபவர்களில் பெரும்பாலோர் நடுவயதுக்காரர்கள். அவர்களில் சிலருக்கு இதயத் தசையே அழற்சியில் இருக்கும். நாடித்துடிப்பு 120-இல் ஓடித்தான் ரத்த ஓட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதை 70-க்கு இறக்கிவிட்டு மானிட்டரைப் பார்த்து மகிழ்வது சரியல்ல. இறக்கும் முன் எக்கோ ப்ரோபை நெஞ்சில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். இன்னொன்று: இந்த மருந்தே காய்ச்சல் வரவழைக்கும். மூன்றாம் நாள் புதுக் காய்ச்சல் என்று ஆன்டிபயாட்டிக்கை மாற்றும் முன் பம்ப்பில் என்ன ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தூங்க வைப்பதற்கு முன் வலியைத் தீர்க்க வேண்டும் என்பது தாளில் எங்குமே இல்லை. தொண்டையில் குழாய் இருப்பவருக்கு முதலில் வேண்டியது ஃபென்டனில். 100 மைக்ரோகிராம் ஆம்பூல் ஐந்தை 50 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், மணிக்கு 2.5 முதல் 5 மி.லி.யில் பாதிப் பேருக்கு வேறு செடேஷன் கடுகளவு போதும். மார்ஃபினைப் போல அதன் கழிவு சிறுநீரகம் கெட்டவரிடம் தேங்கி மயக்குவதில்லை. அசைகிறவர் எல்லோருக்கும் மருந்தும் தேவையில்லை. டியூப் உள்ளே போய்க் கரைனாவில் (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) இடிக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, யூரின் கேத்தடர் மடங்கி மூத்திரப்பை முட்டி நிற்கிறதா, வென்டிலேட்டரின் ட்ரிகரும் ஃப்ளோவும் அவர் இழுப்புக்கு ஈடு கொடுக்கிறதா என்று பார்த்தால் சில போலஸ்கள் மிச்சமாகும்.

ஃபென்டனிலையும் கெட்டமினையும் விலக்கியதற்குச் சட்டத்தைக் காரணம் காட்டியிருக்கிறீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு 2014-இல் வந்த திருத்தம், ஃபென்டனில் போன்றவற்றுக்காக அத்தியாவசிய போதை மருந்து என்ற வகையை உருவாக்கி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அவற்றை வைத்திருப்பதை எளிதாக்குவதற்காக வந்தது. கெட்டமின் மருந்து விதிகளின் அட்டவணை எக்ஸில் இருக்கிறது. பூட்டிய அலமாரியும் பதிவேடும் வேண்டும். பூட்டும் பதிவேடும் வைக்கச் சொன்ன சட்டம், மருந்தையே வைக்காதே என்று சொல்லவில்லை.

இப்போது இரண்டாம் பக்கம். 60 கிலோ ஆளுக்கு 1800 மி.லி. முழுதும் ஏறி முடியும் வரை நாரட்டுக்குக் காத்திருக்கச் சொல்கிறீர்கள். செப்ஸிஸ் சிகிச்சைக்கான பன்னாட்டு வழிகாட்டுதலான சர்வைவிங் செப்ஸிஸ் 2021, முதல் மூன்று மணி நேரத்துக்கு அந்தத் திரவ அளவைப் பலவீனமான பரிந்துரையாகத்தான் சொல்கிறது. அது முடிந்தபின்தான் நாரட் என்று சொல்லவில்லை. சென்ட்ரல் லைனுக்குக் காத்திருக்காமல் கைச் சிரையிலேயே தொடங்கலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. டயஸ்டாலிக் (ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு) 40-க்குக் கீழே இருக்கிறது என்றால் குழாய்கள் இறுக்கம் இழந்துவிட்டன. அங்கே தண்ணீர் மட்டும் ஊற்றி நேரம் கடத்துவதில் அர்த்தமில்லை. முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ 18 அல்லது 20 கேஜ் கேனுலா, ரத்தம் திரும்பி வருகிறதா என்று சோதித்தபின் நாரட், அதே கையில் பிபி கஃப் கூடாது, மணிக்கொருமுறை தோல் வெளுக்கிறதா என்று பார்வை. வெளுத்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். கேனுலாவைப் பிடுங்காமல் அதன் வழியாகவே உறிஞ்ச வேண்டும். வெளியே கசிந்த நாரட்டின் பாதிப்பை முறிக்கும் ஃபென்டோலமின் நம் கிடங்கில் இல்லை. டோபமின் மட்டும் நிறைய இருக்கிறது. 1679 பேரைச் சேர்த்த 2010 ஆய்வில் டோபமின் பெற்றவர்களில் 24.1 சதவீதம் பேருக்கு இதயத் துடிப்புக் கோளாறு, நாரட்டில் 12.4. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

நாரட் அளவை எழுதுவதில் ஒரு குழப்பம் இருக்கிறது, தாள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நம் கிடங்கின் 2 மி.லி. ஆம்பூலில் மி.லி.க்கு 2 மி.கி. பைடார்ட்ரேட் உப்பு, நாரட்ரினலினாகக் கணக்கிட்டால் மி.லி.க்கு 1 மி.கி. இரண்டு ஆம்பூலை 50 மி.லி. ஆக்கினால் ஒரு கிளையில் ‘நாரட் 4’ என்று எழுதுகிறார்கள், இன்னொன்றில் ‘நாரட் 8’. மருந்து ஒன்றுதான். 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மைக்ரோகிராம் என்பது முதல் கணக்கில் மணிக்கு 11.25 மி.லி.; இரண்டாவது கணக்கில் ஏறத்தாழ 5.6. வாஸோபிரஸின் (அழுத்தம் ஏற்றும் இன்னொரு மருந்து) சேர்ப்பதும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டை 50 மி.கி. ஆறு மணிக்கொருமுறை தொடங்குவதும் இந்த 0.25-ஐ வைத்துத்தான். ஒரு கிளையில் தேவைக்கு முன்பே தொடங்குகிறார்கள், மாற்றலாகி வரும் நோயாளியின் தாளைப் படிக்கும் இன்னொரு கிளையில் ஷாக் இரட்டிப்பாகிவிட்டது என்று பதறுகிறார்கள்.

வாஸோபிரஸின் 20 யூனிட்டை 50 மி.லி. ஆக்கினால், நிமிடத்துக்கு 0.03 யூனிட் என்பது மணிக்கு 4.5 மி.லி. அதே 60 கிலோ ஆளுக்கு நாரட் 0.1 என்பதும் மணிக்கு 4.5 மி.லி. தான். அடுத்தடுத்து இரண்டு பம்ப், இரண்டிலும் 4.5. ஒன்றை ஏற்றி இறக்க வேண்டும், மற்றதைத் தொடவே கூடாது. நிறம் பிரித்த லேபிள் கேட்டு எழுதியதற்கு அடுத்த காலாண்டு என்று பதில்.

லைன் விஷயம் சின்னதாகத் தெரியும். செடேஷனும் நாரட்டும் மோதுவது உண்மையில் இங்கேதான். மூன்று லூமன் (தனித்தனி உள்வழி) கொண்ட சென்ட்ரல் லைனில் ஒரு லூமனின் உள்ளளவு சுமார் 0.4 மி.லி. அதை மருந்தால் நிரப்பாமல் நாரட்டை மணிக்கு 2 மி.லி.யில் தொடங்கினால் முதல் துளி ரத்தத்தைத் தொட 12 நிமிடம் ஆகும். பிரஷர் ஏறவில்லை என்று பம்ப்பை 8-க்கு ஏற்றுவார்கள். மருந்து போய்ச் சேரும்போது மேப் 110. அதே லூமனில் ப்ரோபோஃபாலை இணைத்திருந்தால் ப்ரோபோஃபால் வேகத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் நாரட் முன்னால் தள்ளப்படும் அல்லது பின்தங்கும். ஃபென்டனில் போலஸை அந்த வழியில் கொடுத்தால் உள்ளே நிற்கும் நாரட் முழுதும் ஒரே தள்ளில் போகும், பிரஷர் எகிறும், பிறகு லூமனில் மருந்தில்லாமல் இறங்கும். ஃபென்டனிலுக்குப் பிரஷர் விழுந்துவிட்டது என்று குறிப்பில் எழுதுவோம். நாரட்டுக்கு ஒரு தனி லூமன், அதில் போலஸ் இல்லை, ஃப்ளஷ் இல்லை. சிரிஞ்ச் தீர்வதற்கு முன்பே இரண்டாவது பம்ப்பில் புதிய சிரிஞ்சை ஓடவிட்டு, பிரஷர் லேசாக ஏறத் தொடங்கும்போது பழையதைக் குறைக்க வேண்டும். மணிக்கு 22 மி.லி. ஓடுகிறவருக்கு 50 மி.லி. சிரிஞ்ச் இரண்டே கால் மணி நேரம்தான். செறிவை இரட்டிப்பாக்கலாம், ஆனால் அதை லேபிளில் பெரிதாக எழுதும் ஒழுங்கு வந்த பிறகு.

இன்னும் ஒரு தப்பெண்ணத்தைத் தாள் அச்சிட்டே பரப்புகிறது: நாரட் ஓடும் வரை செடேஷனை நிறுத்திப் பார்க்கக் கூடாது என்கிறது. காலையில் செடேஷனை நிறுத்திப் பார்ப்பதற்குத் தடை வலிப்பு, மண்டைக்குள் அழுத்தம், புதிய மாரடைப்பு, தசை தளர்த்தி ஓடுவது, மதுப்பழக்கம் நின்ற நடுக்கம், இப்படிச் சிலவே. நாரட் அதிகமாக ஓடுவது, வென்டிலேட்டரிலிருந்து எடுக்கும் முன் செய்யும் மூச்சுச் சோதனையைத் தள்ளிப்போடக் காரணமாகலாம். செடேஷனைக் குறைத்துப் பார்க்காததற்குக் காரணமாகாது. சொல்லப்போனால் குறைத்தவுடன் நாரட்டும் இறங்குகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனை. இறங்கினால் அது மருந்தின் விலை. இறங்காவிட்டால், லாக்டேட்டும் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் கூடும் அமிலம்) குறையாவிட்டால், சீழ் எங்கே வடியாமல் நிற்கிறது, ஆன்டிபயாட்டிக் பொருந்துகிறதா என்று தேட வேண்டும். எல்லாப் பழியையும் செடேஷன் மேல் போட்டுவிட்டு வயிற்றுக்குள் இருக்கும் ஓட்டையைத் தவறவிடுவதும் நடக்கக்கூடியதே.

தாளில் எழுத முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இரவில் ஒரு செவிலியருக்கு மூன்று வென்டிலேட்டர் நோயாளிகள். டியூபைப் பிடுங்கிக்கொண்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் அவருக்குத்தான் வரும். ஆழ்ந்து தூங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். ராஸ் (மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் அளவுகோல்) மைனஸ் 1 என்று இலக்கு எழுதிவிட்டு மைனஸ் 4-இல் வைத்திருப்பது இதனால்தான். ஆள்பற்றாக்குறைக்கு மிடஸோலம் மருந்தாகிவிட்டது.

நாங்கள் கேட்பவை இவை.

ஷாக்கில் உள்ளவர்களுக்கு இந்தத் தாளை இன்றே நிறுத்தி வையுங்கள். மாற்றுத் தாள் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ராஸ் இலக்கு, செடேஷன் அளவு, நாரட் அளவு, மேப் நான்கும் ஒரே வரிசையில், ஒரே கையெழுத்தில். நாரட்டைக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 கூட்டும் ஒவ்வொரு முறையும், கடைசி ஒரு மணி நேரத்தில் செடேஷன் ஏறியதா என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாதபடி அமையுங்கள்.

ப்ரோபோஃபால் 2 மி.கி., மிடஸோலம் தொடர் பம்ப், டெக்ஸ்மெடிடோமிடின் லோடிங், டோபமின், இந்த நான்கு வரிகளையும் நீக்குங்கள். மயக்க மருந்துக்கு முன் நாரட் ஓட வேண்டும் என்ற வரியையும், டியூப் போட்ட பத்து நிமிடத்துக்குள் ஃபென்டனில் என்ற வரியையும், கைச் சிரையில் நாரட் தொடங்குவதற்கான அனுமதியையும் சேருங்கள்.

கெட்டமின், ஃபென்டனில், எடோமிடேட் மூன்றும் ஒவ்வொரு ஐசியூவின் பூட்டிய அலமாரியில், 24 மணி நேரமும், பதிவேட்டோடு. ஃபென்டோலமின் ஒவ்வொரு கிளையிலும் இரண்டு ஆம்பூலாவது.

நாரட்டை எல்லாக் கிளைகளிலும் உப்பாக இல்லாமல் நாரட்ரினலினாகவே கணக்கிட்டு, 50 மி.லி.யில் 4 மி.கி. என்று ஒரே செறிவில், நிறம் பிரித்த லேபிளோடு வைக்கச் சொல்லி ஆணையிடுங்கள். நீங்கள் விரும்பும் ஒரே மாதிரித் தன்மை தேவைப்படுகிற இடம் இதுதான்.

நாரட் ஓடும் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதை இரவுப் பணிக்கும் எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஐசியூ மருத்துவர் ஒருவரும் இரவுப் பணிச் செவிலியர் ஒருவரும் வாக்குரிமையோடு உட்கார இடம் வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை ஷாக்கில் வரும் ஒவ்வொருவருக்கும் தாளிலிருந்து எங்கே, ஏன் விலகினோம் என்பதை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதிக் கையொப்பமிட்டு வைப்போம். உங்கள் தணிக்கையாளர்கள் அவற்றையும் சேர்த்துப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஐசியூ மருத்துவர்களும் செவிலியர்களும்